சாத்தூரில் இறங்கினோம்!

எத்தனையோ தடவை சாத்தூர் வழியாகப் பிரயாணம் செய்திருக்கிறேன், சாத்தூரைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னலுக்கு நேராக நீண்ட கைகளைத்தான். ஒரு கையில் வெள்ளரிப் பிஞ்சு, மறு கையில் சேவுப் பொட்டலம். சில்லறையைக் கொடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

"இந்தச் சனி, ஞாயிறு இறங்கியே பார்த்துவிட்டால் என்ன?" என்றாள் என் மனைவி. அவளுக்குச் சேவின் ரகசியம் தெரிந்தாக வேண்டும். வீட்டில் அவள் போடும் சேவு ஒரு நாள் கல்லாகிறது. மறு நாள் எண்ணெய் குடித்துத் துவள்கிறது. (சாப்பிடுகிறவன் நான்!)

கடைத்தெருவுக்கு வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. பூண்டும் மிளகாயும் எண்ணெயில் பொரியும் வாசனையே அழைத்துப் போயிற்று.

"உங்க ஊர்ச் சேவு மட்டும் எப்படி அண்ணாச்சி இவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கிறது?" என்று அடுப்படியில் இருந்தவரைக் கேட்டாள்.

"எல்லாம் வைப்பாத்துத் தண்ணிதான் தாயி!" என்று சிரித்தார் அவர்.

அவள் நம்பவில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். கடலை மாவும் அரிசி மாவும் பிசைந்த பிசையலில் அரைத்த பூண்டும் வற்றலும். சாத்தூர்ச் சம்பா வற்றலுக்கும் நல்ல பெயர் உண்டு. அச்சில் போட்டுப் பிழியவில்லை. ஓட்டைக் கரண்டியைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே பிடித்து, உள்ளங்கையால் மாவைத் தேய்க்கிறார். அனல் முகத்தில் அடிக்கிறது. கை ஒரே சீராகப் போய்வருகிறது.

"தண்ணீரும் இல்லை, கிண்ணீரும் இல்லை. அந்தக் கைதான்!" என்று வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். அவள் வாயை அடைக்கக் கருப்பட்டி மிட்டாய் வாங்கினேன். பாகு ஊறிய அந்தச் சுருளைக் கடித்தபிறகு இருவருமே பேசவில்லை.

எனக்கு வேறொரு தேடல் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய பேனாவின் நிப்பு எந்த ஊரில் பிறந்ததென்று அப்போது தெரியாது. ஒரு காலத்தில் இங்கே வீதிக்கு வீதி நிப்புப் பட்டறைகள். தகட்டை வெட்டி, வளைத்து, முனையைப் பிளந்து, தேய்த்து மெருகேற்றிப் பலர் பிழைத்தார்கள். பெண்களும் ஏராளம். பந்துமுனைப் பேனா வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. சேவு பிழைத்தது, நிப்பு பிழைக்கவில்லை. எழுதிப் பிழைக்கும் எனக்கு அது சற்று உறுத்தியது.

1957-லும் 1962-லும் காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இது. அந்தப் பெருமையைச் சொல்லாமல் சாத்தூரைப் பற்றி எழுத முடியுமா?

ஞாயிறு காலை இருக்கன்குடி. அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறாள் மாரியம்மன். நாங்கள் போனபோது ஆற்றில் மணல்தான். ஆடி வெள்ளியில் அந்த மணலே தெரியாதபடி ஜனம் நிற்குமாம்.

மாலையில் திரும்பும் வண்டி. குளிர்சாதனப் பெட்டியில் இடம். வெளியே ஒரு பாட்டி வெள்ளரிக் கூடையுடன் வந்து கண்ணாடியைத் தட்டினாள். என் மனைவி பரபரவென்று ஜன்னலைத் தடவினாள். அது திறக்கிற ஜன்னலா? 'வாசலுக்கு வாருங்கள்' என்று ஜாடை காட்டிவிட்டு, சில்லறையுடன் ஓடினாள்.

அவள் வாசலை அடைவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பாட்டி எங்களைப் பார்க்கவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஜன்னல் திறந்திருக்கும் பின்பெட்டிகளை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.