ஆடிக் காற்றும் நாற்பது வளைவும்

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால், மழை பெய்யும் நாளில் அதை ஓட்டுகிறவர் யார்? எனக்குத் தெரிந்த சகோதரிகள் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "வெயில் நாளில் நான், மழை நாளில் அவர்" என்று பதில் வந்தது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. எட்டு மாத காலம் நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் மழைக்கென்று தனியாக ஓர் 'அவர்' இல்லாதபடியால், வானம் சற்றுக் கறுத்தாலும் காருக்கு உறையைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா பின் ஸீட்டில் இருந்தாள். திண்டிவனத்துக்கு அருகே நாற்கரச் சாலையில் மழை விட்டுத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மழைதான் விட்டுவிட்டதே என்ற அசட்டுத் தைரியத்தில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தேன். தாழ்வான ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் வண்டி இறங்கியதும் ஸ்டீயரிங் என் கையில் காலித் தட்டுப் போல லேசாகிவிட்டது. பயந்து போய் பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங்கையும் வெடுக்கென்று ஒடித்தேன். கார் அரைச் சுற்றுச் சுற்றி நடுத் திட்டின் மேல் ஏறி நின்றது.

யாருக்கும் காயமில்லை. அம்மாவின் மூக்குக் கண்ணாடி மட்டும் எங்கோ பறந்துவிட்டது. "என் கண்ணாடி எங்கே, பாரு" என்றாள். அதற்கப்புறம் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் டயரின் மேல் ஒற்றை ரூபாய் நாணயத்தை நிறுத்திக் காட்டினார். டயரில் பள்ளம் பள்ளமாகக் கோடுகள் இருக்கின்றன அல்லவா? அவை அழகுக்காக வெட்டியவை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சாலையிலுள்ள தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் வாய்க்கால்கள் அவை. பள்ளம் தேய்ந்து போனாலும், வேகம் மிஞ்சினாலும், தண்ணீர் வெளியேற இடமில்லாமல் டயருக்கு அடியிலேயே தங்கிவிடும். அப்போது கார் தரையைத் தொடாமல் படகு மாதிரி மிதக்கும். பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்த டயரை ஓட்டக்கூடாது என்பது சட்டம். என்னுடையவை அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தன. "மிதக்கறப்போ பிரேக்கைத் தொடாதீங்க மேடம். ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை மெதுவா எடுத்துட்டு, ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சிருங்க. தானாத் தரையைப் பிடிச்சுக்கும்" என்றார். நாலு டயரையும் மாற்றிக்கொண்டேன். பயத்தை மாற்றிக்கொள்ள எந்தக் கடையில் கேட்பது?

இந்த நிலைமையில்தான் சித்தியிடமிருந்து போன் வந்தது. வால்பாறையில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் எங்களோடு வந்து இருப்பதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் ஜூலை மாதக் கடைசி என்று கெடு வைத்துவிட்டார். ஜூலை என்றால் ஆடி. தென்மேற்குப் பருவமழை ஆனைமலையின் மேல் அடித்துக் கொட்டுகிற காலம்.

"வாடகைக் கார் வைச்சுண்டு போகலாமே, அம்மா?" என்றேன்.

"வாடகைக் கார் எதுக்கு? நம்ம வண்டி இருக்கே" என்றாள் அம்மா. சற்றுப் பொறுத்து, "மலையிலே பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்தும். நான் முன் ஸீட்லே உட்கார்றேன்" என்றாள்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னையை விட்டோம். பொள்ளாச்சி ஐந்நூறு கிலோ மீட்டருக்கு மேல். கிளம்புமுன் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டேன். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றுப் பார்க்கவேண்டும். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் உள்ளே காற்று விரிந்து கணக்கு அதிகமாகக் காட்டும். திண்டிவனத்தைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி அக்கறையாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலையில் திரும்பியதும் வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் சாலை முழுவதும் தண்ணீர் பளபளக்கிறது. கிட்டே போனால் காணோம். கானல்நீர்தான். தாரின் மேல் காய்ந்து கிடக்கும் காற்று ஒளியை வளைத்து, வானத்தின் துண்டு ஒன்றைத் தரையில் காட்டுகிறது. காரணம் தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் என் கால் தன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. மழைக்குப் பயந்தவளுக்கு வெயிலும் மழையாகத் தெரியும் போலும்!

வெயில் பிரயாணத்தை நாம் சுலபமாக எண்ணிவிடுகிறோம். சாலை காய்ந்திருக்கிறது, கண்ணுக்கு எட்டிய வரை தெரிகிறது, வேறென்ன வேண்டும் என்று நினைக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைக் கண் மூடுகிறதே, அதுதான் வெயிலில் உள்ள ஆபத்து. ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஆத்தூருக்கு அப்பால் ஒரு புளிய மரத்தடியில் வண்டியை ஒதுக்கி இருபது நிமிஷம் தூங்கினேன். அம்மா தூக்கிலிருந்து நீர்மோர் கொடுத்தாள். இன்னொன்று, வெயிலில் நிறுத்திய காரில், "இதோ வந்துவிடுகிறேன்" என்று குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும் சில நிமிஷங்களில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

பல்லடம் தாண்டியதும் வெயில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மேற்கே மேகம், அதைவிடப் பெரிதாகக் காற்று! மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோ மீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். கேரளத்திலிருந்து வரும் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. வயல்களின் நடுவே ராட்சசக் காற்றாலைகள் வரிசையாகக் கை சுழற்றிக்கொண்டிருந்தன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லுவார்கள். என் சின்னக் கார் அம்மியைவிடக் கனம்தான். ஆனாலும் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளியபோது எனக்கு அது சந்தேகமாகிவிட்டது.

லாரியைத் தாண்டும்போது கவனியுங்கள். அதன் பக்கத்தில் போகும் வரை காற்று அடங்கியிருக்கும். அது சுவர் மாதிரி மறைத்துக்கொள்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் தளர்த்துவோம். லாரியைத் தாண்டி மூக்கை நீட்டியதும் ஒரே அறை! இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, காற்று தள்ளும் அளவுக்குத் தக்கபடி மெள்ள ஈடு கொடுத்தால் போதும். பதற்றத்தில் எதிர்ப்பக்கம் ஒடிப்பதுதான் தப்பு. ஐந்தாறு லாரிகளுக்குப் பிறகு எனக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நெகமத்தில் நிறுத்தி அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று கைத்தறிச் சேலை வாங்கினோம். கடை வாசலில் என் புடைவைத் தலைப்பு பாய்மரம் போல விரிந்துகொண்டு என்னைப் பொள்ளாச்சிக்கு எதிர்த் திசையில் இழுத்தது.

இரவு பொள்ளாச்சியில் தங்கினோம். ஓட்டல் தகரக் கூரையில் மழை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தூங்கவில்லை. அம்மா தூங்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் பெட்ரோல் போடுமிடத்தில், முன் கண்ணாடியைத் துடைத்து, வைப்பரின் ரப்பரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைப்பரைப் பற்றி ஒரு சமாசாரம் உங்களுக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பேடண்ட் வாங்கியவர்களில் முன்னோடி ஒரு பெண்மணி! அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க்கில் ஒரு பனிக்கால நாளில் டிராமில் போகும்போது, டிரைவர் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிச் சாலையைப் பார்த்து ஓட்டுவதைக் கண்டார். உள்ளேயிருந்தபடியே ஒரு கைப்பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியை வழித்துவிடும்படி ஒரு சாதனம் செய்து, 1903-ல் பேடண்ட் பெற்றார். அதனால் அவர் பணம் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. ஊரெல்லாம் வைப்பர் பரவுவதற்குள் பேடண்ட் காலாவதியாகிவிட்டது. ஆடி மழையில் அந்த அம்மாளுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பெட்ரோல் போட்ட பெரியவர் மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேலே நல்ல மழைங்க அம்மிணி. மெதுவாவே போங்க. வால்பாறை எங்கியும் ஓடிப் போயிராதுங்க" என்றார்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோ மீட்டர். ஆழியாறு அணையைச் சுற்றிக்கொண்டு, வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மலை ஆரம்பம். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து மேலாக நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கியரில் ஏறினேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஹாரன் அடித்துவிட்டு, நம் பக்கத்தை விடாமல் திரும்பவேண்டும். வளைவுக்கு நடுவில் பிரேக் போடுவது ஈரச் சாலையில் ஆகாது. மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிற வண்டி நின்று கொடுக்கவேண்டும். கீழே இறங்கி வந்த அரசாங்க பஸ் டிரைவர் இந்த விதிப்படி எனக்காக நிறுத்தியதோடு, பெரிய மனசு பண்ணிக் கையையும் அசைத்தார்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. வெயில் நாளாக இருந்தால் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். எங்களுக்கு வெள்ளைத் திரைதான் தெரிந்தது. ஆனால் தடுப்புச் சுவரின் மேல் ஒரு வரையாடு, நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு, மழையை லட்சியம் செய்யாமல் அசை போட்டுக்கொண்டு நின்றது. "குடை இல்லாமலேயே நிக்குது, பாரேன்" என்றாள் அம்மா.

இருபதைத் தாண்டி ஒரு வளைவு. மேலேயிருந்து செந்நீர் வழிந்து சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. அதோடு சேறும் சருகும். திருப்பும்போது முன் சக்கரங்கள் வழுக்கின. கையில் அதே காலித் தட்டு!

கால் பிரேக்கின் மேல் போய்விட்டது. அழுத்தவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தாகிவிட்டது, ஸ்டீயரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சக்கரம் தரையைக் கவ்வியது. வண்டி திரும்பிவிட்டது.

"என்ன?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லே."

"சரி" என்று சொல்லி, மடியிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதுவரை அவள் அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அட்டகட்டியில் டீ குடித்தோம். கவர்கல் பக்கம் வந்ததும் மழை குறைந்து மூடுபனி கவிந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. உங்கள் கை பெரிய விளக்குக்குப் போகும், போடாதீர்கள். பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். சின்ன விளக்கே போதும். ஓடுகிற வண்டியில் நாலு மூலை விளக்கையும் மின்னவிட்டால் பின்னால் வருகிறவருக்கு நாம் நிற்கிறோமா, திரும்பப் போகிறோமா என்று புரியாது. உட்பக்கம் கண்ணாடியில் ஆவி படிந்தது. அம்மா புடைவைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. ஏ.ஸி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடியின் மேல் திருப்பியதும் விலகிவிட்டது. ஏ.ஸி. குளிர்ச்சிக்கு மட்டுமல்ல, காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். அம்மா தன் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டு, சத்தத்தைக் கேட்டு, "லாரி வர்றது", "இல்லே, அது அருவி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சில சமயம் லாரி அருவியாகவும், அருவி லாரியாகவும் மாறியதுண்டு. பனி சற்றுக் கிழிந்த இடங்களில் தேயிலைத் தோட்டம் தெரிந்தது. மழையில் நனைந்த அந்தப் பச்சைக்கு வெயில் காலத்தில் வருகிறவர்கள் கொடுத்துவைக்கவில்லை.

ரொட்டிக்கடையைக் கடந்து வால்பாறை போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. சித்தி குடையோடு தெருவிலேயே நின்றாள். "மழைக்குப் பயந்துண்டு வரமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

மறுநாளே கிளம்பினோம். சாமான்கள் முன்னாலேயே லாரியில் போய்விட்டன. எங்கள் காரில் ஏறியது ஒரு பிரஷர் குக்கர், இரண்டு பெட்டி புஸ்தகம், பத்திரிகைத் தாளில் சுற்றிய டேலியாக் கிழங்குகள். சென்னை வெயிலில் டேலியா எப்படி வளரும் என்று நான் கேட்கவில்லை. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் சூடேறி, வேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்கினேன்.

பின் ஸீட்டில் சித்தி, "நாற்பது... முப்பத்தொன்பது..." என்று வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷமாகப் பஸ்ஸில் எண்ணுகிற வழக்கமாம். இருபத்துமூன்றோடு சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிவிட்டாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. மீதியை முன் ஸீட்டிலிருந்து அம்மா எண்ணினாள்.