மீண்டும் பழகுதல்

தண்ணீரூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே ஒரு சோடி கோமாளி மீன். கருமேனி, குறுக்கே வெள்ளைப் பட்டிகள், மஞ்சள் வால். கிளார்க் இனம். பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பொரிக்கலாமா சேர்?"

பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறும். இதை வகுப்பில் சொன்ன அன்று பின்வாங்கில் சிரிப்பு அடங்கவேயில்லை.

மீனைவிடப் பாடு அதன் வீட்டோடுதான். கடற்சாமந்தி, பூவல்ல, பிராணி. பரிசக்கொம்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் விரல்களெல்லாம் நச்சு ஊசி. சின்ன மீன் வேறேதும் பட்டால் இரையாகும். கோமாளி மீன் மட்டும் அதற்குள் புரண்டு படுக்கும். மேனியிலுள்ள சளிப்படலம்தான் அதற்குக் காவல். சாமந்தியின் உடலில் நுண்பாசி குடியிருப்பதால் நல்ல வெளிச்சம் வேண்டும், ஓட்டமுள்ள நீர் வேண்டும். கவனித்தால் நெடுங்காலம் வாழும். ஸ்கொட்லாந்தில் 1828இல் பிடித்த வேறோர் இனச் சாமந்தி 1887 வரை சாடியில் இருந்தது.

என்னுடையது நாலு வருடம்தான் இருந்தது. தண்ணீர் முல்லைத்தீவுக் கரையில் அள்ளுவேன். மாரியில் நந்திக்கடல் வெட்டி ஓடினால் கரையோரம் உப்புக் குறையும். உப்புமானி வைக்காமல் ஊற்றுவதில்லை. அவ்வளவு கவனம் பார்த்தும், 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. நானும் மகளும் முறை வைத்துக் கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினோம். மூன்றாம் இரவு என் முறையில் நான் அயர்ந்துவிட்டேன். சுபஹுக்கு எழும்பினால் சாமந்தி கூழாய்க் கரைந்து கிடந்தது. மீன்களை வாளிக்கு மாற்றித் தப்ப வைத்தோம். கடலில் கிடந்திருந்தால் என்னைவிட மூப்பாக வாழ்ந்திருக்கும்.

இனி வேண்டாமென்றுதான் இருந்தேன். மீன்கள் எட்டு மாதம் ஒரு சட்டிக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் முதலில் பற்றரி வாங்கினேன். பிறகு கற்பிட்டியில் சுழியோடும் சிநேகிதனிடம் சொன்னேன். நாங்கள் புத்தளம் பக்கம் அகதியாயிருந்த காலத்துப் பழக்கம். அவன் கொண்டுவந்து தந்தான்.

ஓடிப்போய் விழும் என்று நினைத்தேன். பெரியது கிட்டப் போய் வாலால் தொட்டது. தொட்டதும் துள்ளி விலகியது. நெடுநாள் பிரிந்திருந்தால் அந்தக் காவல் போய்விடும், மறுபடி பழகவேண்டும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது வேறு. வால்நுனி, விலகல், வயிறு, விலகல்.

"அதுட வீடுதானே வாப்பா, ஏன் குத்துது?" என்றாள் மகள்.

1990 ஒக்டோபரில் ஊரை விட்டுப் போகும்போது எனக்குப் பத்து வயது. 2010இல் திரும்பி வந்தபோது வளவு காடாகிக் கிடந்தது. வாப்பா முதல்நாள் வேலியடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். நாலாம் நாள்தான் கிணற்றடி வரைக்கும் போனார்.

மகளுக்கு நான் சளிப்படலத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பெரியது சாமந்திக்குள் முழுசாய்ப் படுத்திருந்தது. சின்னது இன்னும் சட்டிக்குக் கீழேதான்.