பிரேக்கில் புகுந்த காற்றும் ஏபிஎஸ் பூதமும்

"ஏபிஎஸ் வண்டியா? அப்ப வெளில யாரையும் கை வைக்க விடாதீங்க சார். கம்பெனிலதான் பிரேக் ஆயில் மாத்தணும்."

கார் வைத்திருப்பவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதுசாக விற்கிற எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதனால் இந்த பயம் இப்போது கிட்டத்தட்ட எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிறது. விஷயம் என்னவென்றால், அந்த வசனம் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் மேட்டரே இருக்கிறது.

பெயரிலிருந்தே குழப்பம் ஆரம்பம். பிரேக் ஆயில் என்று ஊரே சொல்கிறதே, அது ஆயிலே இல்லை. கிளைகால் ஈதர் வகை திரவம். ஆயில்தானே என்று என்ஜின் ஆயிலை ஊற்றி டாப்-அப் செய்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊறி உப்பிவிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிபர் வரைக்கும் பில் எகிறும்.

இந்த திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே வருஷக்கணக்கில் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எதிர்பார்ப்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. தட்டையான சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் ஆயுசுக்கும் தெரியாமலே போகலாம். மலையில் தெரியும்.

நாமக்கல்லில் ஒரு குடும்பத்துக்குத் தெரிந்தது. ஆடி மாசம், கொல்லிமலை. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டியில் ஐந்து பேர். ஓட்டியது அண்ணன் மகன், காலேஜ் பையன், லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்து சீட்டில் சித்தப்பா. முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்தவர். வண்டி வாங்கி ஆறு வருஷம், பிரேக் திரவத்தை ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. பையன் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கிக்கொண்டிருந்தான். (இதில் மிச்சம் என்று ஒன்றும் கிடையாது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் காலை எடுத்து இறங்கினால்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்தும். நியூட்ரலில் என்ஜின் ஐடிலிங்கில் குடித்துக்கொண்டேதான் இருக்கும். காமர்ஸ் படித்தவர்களாவது கணக்கைச் சரியாகப் போடலாம் :-)) பாதி மலை இறங்கியபோது பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே போனது. அதற்கு அடுத்ததில் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது.

"சித்தப்பா... பிரேக் புடிக்க மாட்டேங்குதுங்க."

"பதறாத கண்ணு. செகண்டுல போடு. பெடல வேகமா பம்ப் பண்ணு. அப்புடியே ஃபர்ஸ்ட்டு. ஹேண்ட் பிரேக்க பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா இழு."

மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி வண்டி நின்றது. பின்சீட்டில் யாரும் பேசவில்லை. வீலிலிருந்து கருகல் வாடை. முக்கால் மணி நேரம் கழித்து அமுக்கிப் பார்த்தால் பெடல் பழையபடி கல்லு மாதிரி! சரியாகிவிட்டது என்று பையன் சிரித்தான். சித்தப்பா சிரிக்கவில்லை. "சரியாகல கண்ணு, ஆறியிருக்கு. அவ்வளவுதான்."

அவர் சொன்னதுதான் விஞ்ஞானம். திரவத்தை அமுக்கினால் சுருங்காது, அதனால் காலில் கொடுக்கிற அழுத்தம் அப்படியே வீலுக்குப் போகும். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியானால் அந்த ஆவி சுருங்கும். கால் போகும், அழுத்தம் போகாது. ஆறினால் ஆவி திரும்பத் தண்ணீராகி, பிரேக் நல்ல பிள்ளையாகிவிடும். மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினால் "ஒண்ணும் ஃபால்ட் இல்லையே" என்பார். இதில் பயங்கரமான விஷயமே இதுதான்.

மறுநாள் வீட்டு வாசலிலேயே ஏர் எடுக்கிற வேலை நடந்தது. பெரிய லாரியில் ஏர் பிரேக், காற்றுதான் அங்கே வேலைக்காரன், டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். காரில் காற்றே எதிரி. சித்தப்பா இரண்டுக்கும் பழக்கப்பட்ட கை.

முதலில் ரிசர்வாயரில் இருந்த பழைய திரவத்தை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அப்போதுதான் சீல் உடைத்த புது டாட் 4 ஊற்றினார். என்றோ திறந்து வைத்த பாட்டில் ஆகாது, அதுவும் அதற்குள் ஈரம் குடித்திருக்கும். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்து வீல். அமெரிக்கக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் வலது பின்வீல் என்று போட்டிருக்கும். அவர்களுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். நம் ஊர் வண்டியில் இடது பின்வீல்தான் தூரம். சில மாடல்களில் வரிசையே வேறு, வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே சட்டம்.

நிப்பிளில் கண்ணாடி மாதிரி டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். சாவி ஆஃப்.

"மிதி."
"மிதிச்சுட்டேங்க."
"அப்புடியே புடி. நாஞ் சொல்றவரைக்கும் விடாத."

நிப்பிள் திறந்தது, டிகாக்‌ஷன் கலரில் வந்தது, நிப்பிள் மூடியது. "இப்ப விடு." இந்த வரிசை மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போது காலை விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையும் வைத்திருந்தார். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் மாஸ்டர் சிலிண்டர் அழுக்கும் அரிப்புமாக இருக்கும். தரை வரைக்கும் மிதித்தால் சீல் அங்கே போய் உரசிக் கிழியலாம். நாலைந்து மிதிக்கு ஒரு தரம் ரிசர்வாயரை நிரப்பிக்கொண்டே இருந்தார். இளம் மஞ்சள் நிறம் வந்ததும் அடுத்த வீல். பெயின்ட்டில் சிந்திய சொட்டை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார், இல்லையென்றால் பெயின்ட் உரிந்து வரும்.

நாலு வீலும் முடிந்தது, பெடல் கெட்டி. ஏபிஎஸ் வண்டிதான், ஸ்கேனர் கிடையாது, கம்பெனி கிடையாது. காரணம் ரொம்ப எளிது. சாதாரணமாக ஓட்டும்போது ஏபிஎஸ் பெட்டிக்குள் இன்லெட் வால்வுகள் திறந்தே இருக்கும், திரவம் நேராகக் கடந்து போகும். உள்ளே காற்று புகாதவரை பெரும்பாலான வண்டிகளில் பழைய முறையே போதும். (பிரயஸ் மாதிரி ஹைபிரிட்கள் வேறு ஜாதி, அவற்றில் திரவம் மாற்றவே கம்ப்யூட்டர் வேண்டும்.)

செய்தி தெருவில் பரவியது. இரண்டு வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் வண்டிக்கு ஒரு பட்டறையில் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியிருக்கிறார்கள், வேலை நடக்கும்போது ரிசர்வாயர் காலியாகிவிட்டிருக்கிறது. மூன்று தடவை ஏர் எடுத்தும் பெடல் மெத்தை மாதிரி. "அண்ணா, நீங்க ஒருக்கா எடுத்துக் குடுங்க."

சித்தப்பா எடுத்தார், சாயங்காலம் வரை. டியூபில் ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மெத்தைதான். எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து செய்தார். அதே மெத்தை.

காற்று ஒளிந்திருந்தது வேறு இடத்தில். வீல் லாக் ஆகப் போகிறது என்று சென்சார் சொன்னால் ஏபிஎஸ் பெட்டி இன்லெட் வால்வை மூடி, அவுட்லெட் வால்வைத் திறந்து, கொஞ்சம் திரவத்தை ஒரு குட்டி அறைக்குள் விடும். அங்கிருந்து பம்ப் அதைத் திருப்பி மேலே தள்ளும். காலுக்கடியில் கடகடவென்று அதிர்வது இதனால்தான், பயந்து காலை எடுக்கக் கூடாது. போஷ் கம்பெனி 1978-ல் மெர்சிடஸ் எஸ்-கிளாஸில் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். அந்த அவுட்லெட் வால்வு சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். அதற்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால் நாள் முழுக்க மிதித்தாலும் வராது. உள்ளே இருந்து யாராவது கதவைத் திறக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு யோசனை இருந்தது. வீடியோவில் பார்த்தாராம். "காலி ரோட்டுல மண்ணு மேல வேகமாப் போயி சடன் பிரேக் அடிச்சா ஏபிஎஸ் ஓடுமாம், காத்து வெளிய வந்துருமாம். அப்பறம் இன்னொருக்கா ஏர் எடுத்தாப் போதுமாம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, சில சமயம் பலிக்கவும் கூடும். ஆனால் சித்தப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "பிரேக் சரியில்லாத வண்டிய வேகமா ஓட்டிப் பிரேக் அடிச்சுப் பாக்கறதாங்க? இதுக்கு எங்கிட்ட சாவி இல்லீங்க." முப்பது வருஷத்தில் ஒரு வண்டியைப் பார்த்து அவர் இப்படிச் சொல்லிப் பையன் கேட்டதில்லை.

ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியை ஓட்டாமல், கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனார்கள். கட்டி இழுப்பதிலும் பிரேக் வேண்டுமே என்று சித்தப்பா கயிற்றை மறுத்து, இரும்புக் கம்பி வைத்து இழுக்கச் சொன்னார், பின் வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி அவரே உட்கார்ந்துகொண்டார். பட்டறையில் இருந்தது இருபத்தைந்து வயசுப் பையன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒயரை மாட்டினான், மெனுவில் ஏபிஎஸ் பிளீடிங்கைத் தேர்ந்தெடுத்தான், "அண்ணா, பெடல மிதிச்சுப் புடிங்க" என்றான்.

கர்ர்ர்ர்... டக் டக் டக். பானெட்டுக்கு அடியில் பம்ப் ஓடியது, வால்வுகள் திறந்து மூடின. பெடல் சித்தப்பாவின் காலுக்கடியில் தானாக இறங்கியது. பிறகு நிப்பிளைத் திறந்ததும் டியூபில் குமிழி குமிழியாக வந்தது, இரண்டு நாளாக எங்கே இருந்தது என்று தெரியாத காற்று. நாலு வீலும் முடிந்தபோது பெடல் கல்லு.

பக்கத்து வீட்டுக்காரர் பர்ஸை எடுத்தார். சித்தப்பா இன்னும் சீட்டை விட்டு இறங்கவில்லை.

"தம்பி, அந்த சத்தம்... இன்னொருக்கா ஓட்டுங்க. எந்த வால்வு எப்பத் தொறக்குதுன்னு கேக்கணும்."