உப்புக் கரித்த நெற்றி

சில ஆண்டுகளுக்கு முன், நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையிலுள்ள பனவடலிசத்திரத்தில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில் ஐந்து வயதுச் சிறுவன் ஓயாது இருமிக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமான உடல். நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி அளித்தபோது அவன் தாய் சொன்னார்: "சாமி, இவனுக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குது."

நான் சிரித்தேன். "நம்ம ஊரு வெயிலுக்கு யாருக்கும்மா கரிக்காது?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சிரிப்புக்காக இன்றும் வருந்துகிறேன். தாய் சொன்னது ஒரு நோயின் அடையாளம். முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்ற அச்சம் ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோய் உடையோரின் வியர்வையில் உப்பு மிகுதி என்பதை 1953-இல் அமெரிக்க மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர் நிறுவினர். நம் சிறுவனோ காசநோய் மருந்து உண்டே நாள்களைக் கழித்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வியர்வைப் பரிசோதனை செய்தபோதுதான் உண்மை தெரிந்தது.

உயிரணுக்களில் உப்பு சென்றுவரும் வாயில் ஒன்று இந்நோயில் பழுதுபடுகிறது. தோல் வழியே உப்பு வீணாகிறது, நுரையீரலின் காற்றுக் குழல்களிலோ நீர்ப்பசை வற்றிச் சளி இறுகுகிறது, கிருமிகள் குடியேறுகின்றன. இதற்கு மருத்துவர் தந்த மருந்துகளில் ஒன்று உப்புநீர்! கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு, இம்மருந்தில் 7. நெபுலைசர் அதை நுண்திவலையாக்கும். மூச்சோடு உட்சென்று படியும் உப்பு நீரை ஈர்க்க, சளி நெகிழ்ந்து இருமலில் வெளியேறும். 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 164 பேர் 48 வாரங்கள் பங்கேற்றனர். நாளுக்கு இருமுறை இதை உள்ளிழுத்தவர்களுக்கு, நோய் திடீரெனப் பெருகும் வேளைகள் வெகுவாகக் குறைந்தன.

மீண்டும் சென்றபோது தாய் சோர்ந்திருந்தார். "மிஷின் வச்சா இருமல் கூடத்தான் செய்யுது சாமி. பழக்கமாயிரும்னு அக்கம்பக்கத்துல சொல்லுதாங்க. நிப்பாட்டிரலாமா?"

இம்முறை நான் உடனே விடை கூறவில்லை. திண்ணையில் அமர்ந்து பார்த்தேன். உப்புநீர் குழல்களை இறுக்கக்கூடும் என்பதால் முதலில் அவற்றை விரிக்கும் மருந்து, பிறகு உப்புநீர், பிறகு முதுகைத் தட்டிச் சளியைத் துப்பவைத்தல், கருவியைக் கழுவிக் கொதிக்கவைத்து உலர்த்துதல். காலையும் மாலையும் இதே பாடு. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம். சளி வெளியேறவே இந்த இருமல், அது அடிமைப்படுத்தும் மருந்தன்று, மூச்சு இறுகினால் மட்டும் உடனே தெரிவியுங்கள் என்றார். தாய் நிறுத்தவில்லை.

1969-இல் சடங்கு திருத்தப்படும் முன்னர், திருமுழுக்கின்போது குழந்தையின் நாவில் உப்பு இடுவர். சீடரை ஆண்டவர் உப்புக்கு ஒப்பிட்டதைப் பலமுறை மறையுரையாற்றியிருக்கிறேன். எப்போதும் சுவையைப் பற்றியே பேசினேன். வற்றிய இடத்துக்கு நீரை அழைத்து வருவதும் உப்பின் பணி என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

உப்புநீர் நோயைத் தீர்க்காது. பழுதான வாயிலையே சீர்செய்யும் மும்மருந்துக் கூட்டு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் விலை எம் மக்களுக்கு எட்டாதது. ஆயினும் சிறுவன் பள்ளிக்குச் செல்கிறான்.

அன்பர்களே, ஓயாத சளியும் ஏறாத எடையும் உப்புக் கரிக்கும் தோலும் உள்ள குழந்தையைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வீட்டில் உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்ற வேண்டாம்; கிருமி நீக்கிய மருந்தே தேவை. எல்லாவற்றுக்கும் முன், தாய் சொல்வதைச் சிரித்துக் கடவாதீர்கள். நான் கடந்தேன்.