மஞ்சள் இல்லாத வரைவு

2001இல் சென்னையில் டெக்னிக்கல் ரைட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே என் மேலாளர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். மேனுவல் எழுதிக்கொண்டு போகும்போது எங்கே தெரியவில்லையோ அங்கே ஊகித்து எழுதாதே, மஞ்சள் பூசிவிட்டு மேலே போ. ஃபிரேம்மேக்கர் என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு ஸ்டைல் வைத்திருந்தோம். "எத்தனை ஆம்பியர்?", "இந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்?", "இது யாருக்குத் தெரியும்?" என்று பக்கத்துக்கு நான்கைந்து கிடக்கும். முதல் வரைவை அச்செடுத்து மேஜையில் பரப்பினால் ஆவாரம் பூத்த கரடு மாதிரி இருக்கும். அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு லேபுக்கும் ஷாப் ஃப்ளோருக்கும் நடையாய் நடப்போம். மஞ்சள் தீர்ந்த அன்றைக்கு மேனுவல் முடிந்தது என்று கணக்கு.

இப்போது என் கைக்கு வரும் வரைவுகளில் மஞ்சளே கிடையாது. டிசைன் ஆவணம், பழைய மாடலின் மேனுவல், மென்பொருளின் நிரல் எல்லாவற்றையும் ஏஐ கருவியிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் 60 பக்கம் வந்து நிற்கிறது. தலைப்பு, அட்டவணை, எச்சரிக்கைப் பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில். இலக்கணப் பிழை இல்லை. தயங்கிய வாக்கியமும் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

இயந்திரம் எங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. ஜாவா மொழி வெளிவந்த 1990களிலேயே நிரலிலிருந்து ஆவணம் தயாரிக்கும் ஜாவாடாக் வந்துவிட்டது. 2005இல் டிட்டா என்ற ஆவணத் தரமுறை வந்ததும், ஒரு பத்தியை ஓரிடத்தில் எழுதி இருபது மேனுவல்களில் பயன்படுத்தினோம். விமானத் துறையினர் உருவாக்கிய எளிய ஆங்கில விதிகளைப் பார்த்து, செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டினால் சிவப்புக் கோடு போடும் கருவிகளையும் மாட்டிக்கொண்டோம். மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் காசு. முன்பே மொழிபெயர்த்த வாக்கியம் அப்படியே திரும்ப வந்தால் மென்பொருள் அதை நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும், செலவு குறையும். அதனால் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி எழுதக் கற்றோம். இவையெல்லாம் எங்கள் கையைத் திருத்தின. இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அந்தப் பழைய கருவிகளிடம் ஒரு நேர்மை இருந்தது. செட்டைம்அவுட் என்ற ஃபங்ஷனுக்கு யாரும் விளக்கம் எழுதவில்லை என்றால், ஜாவாடாக் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே நிற்கும். சோம்பேறி ஒருவர் "டைம்அவுட்டை செட் செய்யும்" என்று எழுதி வைத்திருந்தாலும் படித்தவுடனே தெரிந்துவிடும், இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை என்று. இன்றைய கருவி அதே இடத்தில் "பதிலுக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம், மில்லிசெகண்டில், இயல்பு மதிப்பு 30000" என்று எழுதுகிறது. அது செகண்டாக இருந்துவிட்டால்? வாக்கியத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தெரிந்து எழுதிய வரியும் தெரியாமல் எழுதிய வரியும் ஒரே குரலில் பேசுகின்றன.

போன வருடம் ஒரு மோட்டார் டிரைவுக்கு மேனுவல் தயாரானது. நூற்பாலைகளிலும் தண்ணீர் பம்புகளிலும் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அது. மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டை உள்ளே டிசியாக மாற்றும்போது கெப்பாசிட்டர்களில் 580 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது உடனே இறங்காது. அதனால் மூடியைத் திறக்குமுன் காத்திருக்கச் சொல்ல வேண்டும். கருவி தந்த வரைவில் அழகான எச்சரிக்கை இருந்தது: மின்சாரத்தைத் துண்டித்து 5 நிமிடம் காத்திருக்கவும்.

அந்த 5 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். புதிய மாடலின் டிசைன் ஆவணத்தில் இல்லை. பழைய மாடலின் மேனுவலில் இருந்தது. ஹார்டுவேர் இன்ஜினியரிடம் போய், "புது மாடல்ல அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "அதே டிசைன்தானே மேடம்" என்றவர், சொல்லி முடிக்குமுன்பே நிறுத்திக்கொண்டார். புது மாடலில் கெப்பாசிட்டர்கள் பெரியவை. இருவரும் லேபுக்குப் போனோம். டிரைவை ஓட்டி, நிறுத்தி, மெயினைத் துண்டித்து, டிசி டெர்மினல்களில் மீட்டரை மாட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். ஐந்தாவது நிமிடத்தில் மீட்டர் 128 வோல்ட் காட்டியது. தொடத் தகுந்தது என்று நாங்கள் வைத்திருக்கும் வரம்பு 60. அதற்குக் கீழே இறங்க ஏழரை நிமிடம் ஆனது. மேனுவலில் 10 நிமிடம் என்று போட்டோம். காத்திருந்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள் என்று இன்னொரு வரியையும் சேர்த்தோம். பெட்டியில் ஒட்டும் லேபிளும் மாறியது.

அந்த ஐந்து நிமிடம் என் பழைய வரைவில் மஞ்சளாகக் கிடந்திருக்கும். நான் நடந்து போயிருப்பேன். இங்கே அது கறுப்பு எழுத்தில், முக்கோண எச்சரிக்கைக் குறியோடு, முடிந்த விஷயமாக உட்கார்ந்திருந்தது.

தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டைலர் நகரில் இரண்டு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பட்டு இறந்தார்கள். திரையில் பிழைச் செய்தியாக வந்தது "மால்ஃபங்ஷன் 54" மட்டும். அது என்ன என்று இயக்குபவருக்கான மேனுவலில் விளக்கம் இல்லை. அந்தக் கருவி அடிக்கடி ஏதாவது பிழை காட்டும், ஒரு விசையை அழுத்தினால் தொடரும். எழுதப்படாமல் விட்ட ஒரு வரி அங்கே எவ்வளவு பெரிய குற்றம் என்று பல முறை யோசித்திருக்கிறேன். இப்போது கூடுதலாக ஒன்றை யோசிக்கிறேன். இன்றைய கருவியிடம் அந்த 54ஐக் கொடுத்திருந்தால், மற்ற பிழைகளைப் பார்த்து, "அளவு உள்ளீட்டில் பிழை, சரிபார்த்துத் தொடரவும்" என்று நிதானமாக எழுதித் தந்திருக்கும். காலி இடத்தைப் பார்த்து ஒருவராவது தொலைபேசியை எடுத்துக் கேட்கலாம். நிரப்பப்பட்ட இடத்தைப் பார்த்து யார் கேட்பார்?

கருவியை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. 40 கோப்புகளில் ஒரு பாகத்தின் எண் மாறியிருப்பதை அது நொடியில் பிடிக்கிறது. ரிலீஸ் நோட்ஸ் தொகுக்கும் சள்ளை பிடித்த வேலை போய்விட்டது. ஆனால் மிச்சமான நேரம் எங்களுக்கு வரவில்லை. முன்பு ஆறு வாரம் கொடுத்த மேனுவலுக்கு இப்போது எட்டு நாள். எழுதுவதுதான் வேலை என்று அட்டவணை போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். அன்றும் எழுதுவது கடைசி மூன்று நாள் வேலைதான். அதற்கு முந்தைய வாரங்கள் கேட்பதற்கும், நின்று பார்ப்பதற்கும், நான்காம் முறை போய்க் கேட்டு முகச்சுளிப்பு வாங்குவதற்கும் உரியவை. அந்த நாட்களைத்தான் வெட்டிவிட்டார்கள்.

புதிதாக வருகிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. எழுத உட்கார்ந்து, கை நின்றுபோய், அந்த இடத்தில் தெரியாததை உணர்ந்துதான் நான் கேட்கப் பழகினேன். அவர்களுக்குக் கை நிற்கும் இடமே வருவதில்லை. அதனால் என் குழுவில் ஒரு முறை வைத்திருக்கிறேன். வரைவைத் திறக்குமுன் பொருளை நேரில் பார்த்து, கையால் எழுதிய 20 கேள்விகளோடு வர வேண்டும். பிறகு வரைவில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அது வந்த இடத்தைக் குறிக்க வேண்டும். இடம் கிடைக்காத எண்ணுக்கு மஞ்சள். ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கிறது. அதற்காக மேலிடத்தோடு ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன்.

சேர்ந்து நான்கே மாதமான பெண் ஒருத்தி போன வாரம் ஷாப் ஃப்ளோரிலிருந்து போன் செய்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"மேம், டெர்மினல் ஸ்க்ரூவுக்கு டார்க் 1.2 நியூட்டன் மீட்டர்னு வரைவுல இருக்கு. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. இங்க முறுக்குற அண்ணன் 1.8 வைக்கிறார். ரெண்டுல எது சரின்னு டிசைன்ல கேட்டுட்டு வரேன், அதுவரைக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பிடாதீங்க."