ஏரிக்கரையில் குதிரைச் சவாரி

சென்னைவாசிகளுக்கு ஏரிக்காற்று மட்டும் வேண்டுமென்றால் தேர்வாய் கண்டிகையே போதும். 2020-ல் திறந்த நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. ஏரி, சோலை, குதிரை மூன்றும் ஒருங்கே வேண்டுமென்றாலோ கோடைக்கானலுக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும்!

சமவெளியின் நோய்களுக்கு அஞ்சி, 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே வீடு கட்டினார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஏரியை உண்டாக்கினார். மோட்டார் ரோடு ஏது அப்போது? ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரத் தோப்புக்கு வந்து தங்குவார்கள். பிறகு சிலர் குதிரை மேல் ஏறுவார்கள். சிலரை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் சுமப்பார்கள்.

இன்று குதிரைக்கு மலையேற்றம் இல்லை, ஏரிக்கரைச் சவாரிதான். முழுச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். “இன்னும் கொஞ்ச தூரம், அம்மா!” என்று குழந்தை கெஞ்சும். அதற்குமுன் குதிரையைப் பாருங்கள். சேணத்தடியில் புண் இருக்கிறதா? காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறதா? அப்படியானால் ஏறாதீர்கள். குதிரைக்காரர் முகம் சுளிக்கலாம். ஆனால் பத்துப் பேர் மறுத்தால் அதற்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கும். அது நன்றாயிருந்தால்தானே அவர் வீட்டிலும் அடுப்பெரியும்!