ஒரே துறைமுகம்



சென்ற மாதம் மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப் பகுதி காலியாயிற்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் பணிபுரியும் ஒடிசா இளைஞர் ஒருவர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து வாடகைக்குக் கேட்டார். "வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று அனுப்பிவிட்டோம். அன்றிரவு எங்கள் நன்னாவின் நினைவு வந்தது.

நன்னா ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்தார். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டே ஒரு டிரங்குப் பெட்டியுடன் நன்னா மதராஸ் துறைமுகத்தில் வந்திறங்கினார்.

பல்வலி வந்தால் பாரிமுனையருகே இருந்த சீனப் பல் மருத்துவர் ஒருவரிடமே செல்வார். எங்களையும் அழைத்துப் போவார். அவருடைய தந்தை ஹூபே மாகாணத்திலிருந்து ரங்கூன் வழியாக வந்தவர். மருத்துவர் பிறந்ததோ மதராஸில். அவர் மதராஸ் தமிழில் பேசுவதைக் கேட்டு ஒருமுறை நாங்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். வெளியே வந்ததும் நன்னா சொன்னார்: "சிரிக்காதீங்க வாப்பா. ரங்கூன்ல எங்களைக் 'கலா'ன்னாங்க. இங்கே வந்து இறங்கினா பர்மாக்காரன்னாங்க. அவர் இந்த ஊர்லயே பிறந்தவர், அவரையும் சீனாக்காரர்ங்கிறாங்க."

அச்சொல்லின் சுமை பிற்பாடுதான் எங்களுக்கு விளங்கியது. 1962 இந்திய–சீனப் போரையொட்டி, அசாம், டார்ஜிலிங் முதலிய பகுதிகளில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர். 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் மதராஸ் துறைமுகத்திற்கு வந்து, அவர்களில் பலரை ஏற்றிச் சென்றன. அசாமில் இருந்த மருத்துவரின் சித்தப்பா குடும்பமும் அவர்களுள் ஒன்று. அக்குழந்தைகள் சீனாவைக் கண்டதே இல்லை. சில கல் தொலைவில் இருந்தும் அவர்களை வழியனுப்ப மருத்துவருக்கு இயலவில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின்னர் அவர் ஹூபே சென்று தந்தையின் கிராமத்தைப் பார்த்து வந்தார். "அங்கே என்னை இந்தியாக்காரன்னு கூப்பிட்டாங்க, பாய். மூணாம் நாளே ரசச் சோறு கேட்டு நாக்கு ஏங்கிப்போச்சு" என்று நன்னாவிடம் சொல்லிச் சிரித்தார். நன்னா சிரிக்கவில்லை, அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

ஒரே துறைமுகம். இந்த மண்ணில் பிறந்தவர்களை 1963இல் அது வெளியே அனுப்பியது. மறு ஆண்டே எங்கள் நன்னாவை உள்ளே ஏற்றுக்கொண்டது. வந்தவருக்கு யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்ததால்தான் இன்று எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது.

மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவின் அன்சாரிகள் வீட்டையும் பொருளையும் பங்கிட்டுக் கொடுத்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு உண்டா? எங்கள் வீட்டிலும் சொல்கிறோம். ஆனால் வாசலில் வந்து நின்றவருக்குக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் காலை அந்தப் பட்டறைக்குச் சென்று விசாரித்தோம். அவர் பாடியில் ஓர் அறை பார்த்துக் குடியேறிவிட்டார். அவரிடம் வருத்தம் தெரிவித்தோம், "பரவாயில்லை" என்றார். மாடி இன்னும் காலியாகவே இருக்கிறது. அடுத்து வருபவரிடம் எந்த ஊர் என்று கேட்போம், அறிந்துகொள்வதற்காக மட்டும்.

அல்லாஹ் நம் உள்ளங்களையும் இல்லங்களையும் விசாலமாக்குவானாக. ஆமீன்.